இந்த உயரத்தில் பெர்ரி வருமா? ஓசூர் மேடும் தர்மபுரிச் சமவெளியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேன்கனிக்கோட்டைக்கும் தளிக்கும் நடுவே எங்கள் கொல்லை இருக்கிறது. ராகி, அவரை, தக்காளி என்று போய்க்கொண்டிருந்த நிலத்தில் ஏழு வருடமாகக் கொஞ்சம் ஸ்ட்ராபெர்ரியும் போடுகிறோம். அதைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் உயரத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எத்தனை மீட்டரில் இருக்கிறீர்கள், எங்கள் ஊர் இவ்வளவு உயரம், அங்கே வருமா என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதியிருக்கிறேன்.

உயரம் கூடினால் செடிக்கு உண்மையில் என்ன மாறுகிறது?

முதலில் வெப்பம். 100 மீட்டர் ஏறினால் காற்று சராசரியாக 0.65 டிகிரி குளிர்கிறது, 1000 மீட்டருக்கு 6.5 டிகிரி. பெர்ரிச் செடிக்கு உயரத்தால் கிடைக்கும் லாபத்தில் பெரும்பங்கு இதுதான்.

அடுத்தது வெயிலின் தன்மை. மேலே போகப் போகக் காற்றின் அடர்த்தி குறைவதால் புற ஊதாக் கதிர் அதிகமாக இறங்குகிறது, 1000 மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். செடி அதைத் தாங்க இலையைத் தடிப்பாக்கும், கணுக்களுக்கு இடையே நீளத்தைக் குறைத்துக் குட்டையாக நிற்கும், பழத்தோலில் நிறமியைக் கூட்டும். மூன்றாவது, காற்றழுத்தம். ஓசூர் உயரத்தில் அது கடல்மட்டத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. செடி உள்ளே இழுக்கும் கரியமில வாயுவும் அதே அளவு குறைகிறது என்பதால் சிலர் கவலைப்படுகிறார்கள். நம் உயரத்தில் அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

மாறாத ஒன்றும் இருக்கிறது: பகலின் நீளம். எவ்வளவு உயரம் ஏறினாலும் ஜூன் மாதப் பகல் நீளாது. ஏன் இதைச் சொல்கிறேன் என்பது நான்காவது கேள்வியில் புரியும்.

கிருஷ்ணகிரி, தர்மபுரி என்ற நம் இரண்டு மாவட்டத்தில் எந்த இடம் எவ்வளவு உயரம்?

தர்மபுரி நகரம் சுமார் 470 மீட்டர், கிருஷ்ணகிரி நகரம் 500-ஐ ஒட்டி. கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் சாலையில் போனால் மேலுமலையில் வண்டி ஏறத் தொடங்கும். அந்த ஏற்றம் முடிந்து சூளகிரி தாண்டி ஓசூர் போனால் 900 மீட்டர் ஆகிவிடும். தளி அதற்கும் மேலே, 1000 மீட்டர் அளவில். எதிர்த்திசையில் ஒகேனக்கல் 250 மீட்டருக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

பழைய சேலம் ஜில்லாவில் இந்த வித்தியாசத்துக்குப் பெயரே வைத்திருந்தார்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் பாராமகால். மேட்டின் மேலே ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் பாலாகாட். விவசாயம் பேசும்போது இன்றைய மாவட்ட எல்லையைவிட அந்தப் பிரிவினைதான் எனக்கு உதவியாக இருக்கிறது. நிர்வாகக் கோடு செடிக்குத் தெரியாது, மலைமேடு தெரியும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தர்மபுரிக்கும் ஓசூருக்கும் 430 மீட்டர் வித்தியாசம், அதாவது 2.8 டிகிரி. ஒகேனக்கலுக்கும் தளிக்கும் கிட்டத்தட்ட 5 டிகிரி. மூன்று டிகிரி பெரிய விஷயமா என்று கேட்டால், ஸ்ட்ராபெர்ரிக்குப் பூவா இலையா என்பதையே அந்த மூன்று டிகிரி தீர்மானித்துவிடும்.

ஊட்டியில் விளைகிறதே, ஓசூரும் குளிர்ந்த ஊர்தானே?

ஊட்டி 2240 மீட்டர். நமக்கும் அதற்கும் 1340 மீட்டர் இடைவெளி. அதே கணக்கில் கிட்டத்தட்ட 8.7 டிகிரி. தர்மபுரியிலிருந்து ஓசூர் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அதைப்போல் மூன்று மடங்கு தள்ளி ஓசூரிலிருந்து ஊட்டி இருக்கிறது. ஊட்டியில் பார்த்ததை அப்படியே இங்கே செய்ய முடியாது.

நமக்கு நெருங்கிய உறவு மகாபலேஸ்வரம். மகாராஷ்டிரத்தில் 1350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நாட்டின் ஸ்ட்ராபெர்ரியில் பெரும்பகுதி அந்த வட்டாரத்திலிருந்துதான் வருகிறது, 2010-ல் புவிசார் குறியீடும் வாங்கினார்கள். மழை ஓய்ந்ததும் நட்டு, குளிர்காலம் முழுக்கப் பறித்து, வெயில் ஏறியதும் முடித்துக்கொள்கிறார்கள். நமக்கும் அந்த வழிதான் பொருந்தும், அவர்களைவிடக் கொஞ்சம் குறுகிய பருவத்தில்.

ஸ்ட்ராபெர்ரி பூக்கக் குளிர் ஏன் தேவை? பகலில் வெயில் அடித்தால் என்ன ஆகும்?

இதைத்தான் எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்ட்ராபெர்ரி, புளூபெர்ரி, ராஸ்பெர்ரி என்றதும் மலைச்செடி என்று நினைக்கிறோம். பிறப்பில் அவை எல்லாம் மலைச்செடி இல்லை. இன்று நாம் சாப்பிடும் ஸ்ட்ராபெர்ரி 18-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில், சிலி நாட்டுக் கடலோரச் செடியும் வட அமெரிக்கச் செடியும் கலந்து உண்டானது. புளூபெர்ரி வட அமெரிக்கப் புளிப்பு மண்ணின் புதர். அந்த நாடுகளில் குளிர் வடக்கு தெற்கு என்ற தூரத்தால் வருகிறது, வருடத்தில் சில மாதம் மட்டும், பகல் குறுகுவதோடு சேர்ந்தே வருகிறது. நம் ஊரில் குளிர் மேலேயிருந்துதான் வர முடியும். அதுவும் கடும் குளிர்காலமாக வராது. ஒவ்வொரு இரவும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கிடைக்கும்.

சாதாரண ஸ்ட்ராபெர்ரி ரகங்கள் குறும்பகல் ரகங்கள். பகல் சுமார் 14 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் பூமொட்டு கட்டும். நம் அட்சரேகையில் ஜூனில் கூட பகல் 13 மணி நேரத்தைத் தொடுவதில்லை, டிசம்பரில் பதினொன்றரைக்கு வந்துவிடும். அப்படியானால் வருடம் முழுக்கப் பூக்க வேண்டுமே? இங்கேதான் வெப்பம் குறுக்கே வருகிறது. 15 டிகிரிக்குக் கீழே போனால் பகல் நீளத்தைப் பார்க்காமலே பூக்கும். 15-லிருந்து 25 வரை குறும்பகல் இருந்தால் பூக்கும். 27, 28-ஐத் தாண்டித் தொடர்ந்து வெப்பம் நின்றால், குறும்பகலாக இருந்தாலும் மொட்டு கட்டுவது நின்று இலையும் ரன்னர் கொடியுமாக (தரையில் படர்ந்து கணுவில் புதுச்செடி விடும் கொடி) ஓடும்.

பகல் நீளம் என்ற பூட்டு நம் ஊரில் எப்போதும் திறந்தே இருக்கிறது. மிச்சமுள்ள பூட்டு வெப்பம். பகல் வெப்பத்தை நிழல்வலை போட்டுக் குறைக்கலாம். இரவு வெப்பத்தைத் திறந்த கொல்லையில் குறைக்க வழியே இல்லை, அதை உயரம் மட்டும்தான் தரும். அதனால் என்னிடம் உயரம் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, ‘உங்கள் கொல்லையில் நவம்பர் மாத இரவு எத்தனை டிகிரி?’

எப்போது நடலாம்?

செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கம். புரட்டாசி என்று வைத்துக்கொள்ளுங்கள். நவம்பரில் பூ, டிசம்பர் நடுவிலிருந்து பழம், மார்ச் வரை பறிக்கலாம். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்களே, அந்த இரண்டு மாதம்தான் நல்ல பழம் வரும் காலம்.

எங்கள் முதல் வருடம் அப்படி நடக்கவில்லை. வருடம் முழுக்கக் காய்க்கும் என்று ஒரு நர்சரியில் சொன்னதை நம்பி மே மாதக் கடைசியில் 2000 நாற்று நட்டோம். செடி அருமையாக வந்தது. பச்சைப்பசேலென்று பாத்தி மூடியது, ரன்னர் கொடி நாலாபுறமும் ஓடியது. ஆகஸ்ட் வரை ஒரு கூடை பழம் கூடப் பறிக்கவில்லை. என் மாமியார் தினமும் காலையில் போய்ப் பூ இருக்கிறதா என்று இலையை விலக்கிப் பார்த்துவிட்டு வருவார். வெப்பத்தில் செடி செய்ய வேண்டியதைத்தான் செய்தது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. அந்த ரன்னர்களில் வேர் பிடித்தவற்றைப் பிரித்து அக்டோபரில் நட்டோம், அவை நவம்பர் கடைசியில் பூத்தன. நஷ்டத்தில் பாதி அப்படித் திரும்பியது.

அக்டோபரில் நமக்கு மழை உண்டு என்பதை மறக்க வேண்டாம். மேட்டுப்பாத்தி ஒரு அடி உயரத்துக்குக் குறையக் கூடாது. செடியின் நடுக்குருத்து மண்ணுக்குள் புதைந்தால் அழுகிவிடும்.

எந்த ரகம்?

ஸ்வீட் சார்லி, விண்டர் டான், காமரோசா மூன்றும் இந்தியாவில் பரவலாகக் கிடைப்பவை. குளிர்பருவம் குறுகிய நம் இடத்துக்குச் சீக்கிரம் காய்க்கும் முதல் இரண்டும் பொருத்தம் என்பது என் எண்ணம். பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத ஆல்பியன் போன்ற ரகங்களைச் சிலர் சிபாரிசு செய்கிறார்கள். அவை பார்க்காமல் விடுவது பகல் நீளத்தைத்தான், வெப்பத்தை இல்லை. ஏப்ரல் வெயிலில் அவையும் நின்றுவிடும்.

தர்மபுரி, அரூர், பாலக்கோடு சமவெளியில் முயலலாமா?

வீட்டுத் தோட்டத்தில் பத்துச் செடி, பிள்ளைகளுக்காக, மார்கழி தையில் என்றால் தாராளமாக. காசு போட்டு அரை ஏக்கர் என்றால் வேண்டாம் என்பேன். மூன்று டிகிரி வித்தியாசம் பருவத்தின் இரண்டு முனையிலும் வெட்டுகிறது. தாமதமாகப் பூத்து, பிப்ரவரியிலேயே வெயில் ஏறி, சிவப்புச் சிலந்தி வந்து முடிந்துவிடும்.

ஆனால் சமவெளிக்கு வேறு ஒரு வேலை இருக்கிறது. ரன்னர் கொடிக்குச் சூடு பிடிக்கும். மகாபலேஸ்வரத்துக்காரர்கள் நாற்றைக் கீழே வாய் (Wai) என்ற ஊரின் வட்டாரத்தில் பெருக்கி மேலே கொண்டுபோய் நடுகிறார்கள். மேலே கொட்டும் மழையிலிருந்தும் அப்படித் தப்பிக்கிறார்கள். பாராமகாலில் நாற்று, பாலாகாட்டில் பழம் என்று நம் இரண்டு மாவட்டக்காரர்களும் சேர்ந்து செய்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கு ஆசை உண்டு.

வத்தல்மலை, சித்தேரி?

தர்மபுரி மாவட்டத்தில் பெர்ரிக்கு நான் நம்பிக்கை வைக்கும் இடங்கள் இவைதான். இரண்டும் 1000 மீட்டரை ஒட்டிய மலைகள். வத்தல்மலையில் காபியும் மிளகும் ஏற்கெனவே இருக்கின்றன, காபி வளரும் இடத்தில் இரவு இதமாக இருக்கும் என்று அர்த்தம். சிக்கல் போக்குவரத்து. ஸ்ட்ராபெர்ரி பறித்த அன்றே குளிர் இடத்துக்குப் போக வேண்டிய பழம், கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி இறங்கினால் பெட்டியின் அடியில் கூழாகிவிடும். அங்கே வருகிறவர்களுக்கே விற்கலாம், ஜாம் போடலாம்.

ஜாம் என்றதும் கேட்கிறேன், உயரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. ஓசூர் உயரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதிக்கும். ஜாம் பதம் என்பது தண்ணீர் கொதிக்கும் வெப்பத்தைவிட 4, 5 டிகிரி மேலே. புத்தகத்தில் 105 என்று எழுதியிருப்பார்கள், அது கடற்கரை ஊருக்கு. இங்கே 105 வரை காய்ச்சினால் கட்டியாகிக் கருகல் வாசம் வரும். 101, 102-ல் இறக்கிவிடுங்கள்.

புளூபெர்ரி வருமா? விலை நன்றாக இருக்கிறதே.

வழக்கமான வட நாட்டு ரகங்கள் வராது. குளிர்காலத்தில் 0-லிருந்து 7 டிகிரிக்குள் 800 மணி நேரமாவது தூங்கி எழுந்தால்தான் அவை ஒழுங்காகப் பூக்கும். நம் மேட்டில் அந்தக் குளிரில் ஒரு மணி நேரம் கிடைப்பதே அபூர்வம்.

குறைந்த குளிர் போதும் என்று உருவாக்கிய தெற்கத்திய ரகங்கள் இருக்கின்றன. பிலாக்ஸி அவற்றில் ஒன்று. பெரு நாட்டுக்காரர்கள் கடலோரப் பாலைவனத்தில், மலையே இல்லாத இடத்தில், அந்த ரகத்தைத் தூங்கவே விடாமல் வருடம் முழுக்கப் பச்சையாக வைத்திருந்து கவாத்து செய்து காய்க்க வைத்து, உலகச் சந்தையில் முன்னணிக்கு வந்துவிட்டார்கள். அங்கே உயரம் செய்யாததைக் குளிர்ந்த கடல் நீரோட்டம் செய்கிறது. ஆக, நம் மேட்டில் வாய்ப்பே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

நமக்கு உண்மையான தடை உயரமே இல்லை, மண்ணும் தண்ணீரும்தான். புளூபெர்ரி கேட்பது pH (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.5-லிருந்து 5.5 வரை உள்ள புளிப்பான மண். நம் செம்மண் அதற்கு மேலே. தேங்காய்நார்க் கழிவு நிரப்பிய பைகளில் வைத்தாலும், நாம் ஊற்றும் போர் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக அதைச் சுண்ணாம்புப் பக்கம் இழுத்துவிடும். மழைநீர் சேமிக்கும் குட்டையும் தண்ணீரைப் புளிப்பாக்கும் ஏற்பாடும் இல்லாமல் இறங்க வேண்டாம். முதலில் பத்துப் பை வைத்து இரண்டு வருடம் பாருங்கள்.

போர் தண்ணீர் ஸ்ட்ராபெர்ரிக்கும் ஆகாதா?

உப்பு ஆகாது. பழப்பயிர்களில் உப்பைக் கண்டு முதலில் சுருங்குவது இதுதான், இலை ஓரம் காய்ந்து பழுப்பாகும். தண்ணீரின் உப்பு அளவைக் காட்டும் மின் கடத்துதிறன் (EC) 1 dS/m-க்குள் இருக்க வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆழ்துளைத் தண்ணீரின் தரம் நமக்குத் தெரிந்ததுதான். ஃபுளோரைடு தொல்லைக்காகவே ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்தது. நாற்று வாங்கும் முன்பு தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

ராஸ்பெர்ரி?

சிவப்பு ராஸ்பெர்ரிக்கு நம் உயரம் போதாது. மைசூர் ராஸ்பெர்ரி என்று தென்னாட்டு மலைகளின் கருநிறப் பழ முட்புதர் ஒன்று உண்டு, அதற்கு உறைகுளிர் தேவையில்லை. வேலியோரம் ஆசைக்கு வைக்கலாம்.

மல்பெரி?

நம் மாவட்டங்களில் எல்லோர் கொல்லையிலும் இருக்கும் பெர்ரி இதுதான், யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை! பட்டுப்பூச்சிக்கு இலை பறிக்க வைக்கிறோம், அடிக்கடி கவாத்து செய்வதால் பழம் கண்ணிலேயே படுவதில்லை. வரப்பில் இரண்டு செடியைக் கவாத்து செய்யாமல் விட்டுப் பாருங்கள். 24-லிருந்து 28 டிகிரி அதற்கு உகந்தது, ஒகேனக்கல் பக்கமும் வரும், தளியிலும் வரும். சமவெளியில் பெர்ரி வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது மல்பெரியும் களாவும். களாச்செடிக்கு வெயிலும் கல்லாங்காடும் பிடிக்கும், உயரம் அதற்குப் பொருட்டே இல்லை.

தாவரவியல் கணக்கில் ஸ்ட்ராபெர்ரி பெர்ரியே இல்லை, தக்காளிதான் பெர்ரி. அந்தக் கணக்கில் ராயக்கோட்டைச் சந்தை பெர்ரிச் சந்தை. தக்காளியும் இரவு வெப்பம் கூடினால் பூ உதிர்க்கும் என்பது நம் விவசாயிகளுக்குப் புதுசு இல்லை.

பசுமைக்குடில் போட்டுவிட்டால் உயரம் தேவையில்லைதானே?

பாதி உண்மை. குடில் மழையைத் தடுக்கும், பழ அழுகலைக் குறைக்கும். ஆனால் சாதாரணக் குடில் பகலில் வெளியைவிடச் சூடாகத்தான் இருக்கும். ஓசூர், தளிப் பக்கம் ரோஜாவும் குடைமிளகாயும் குடிலில் நன்றாக வருவதற்குக் காரணம் வெளியே ஏற்கெனவே இதமாக இருப்பதுதான். இஸ்ரேல் ஒத்துழைப்போடு கொய்மலர் மையத்தைத் தளியில் அமைத்ததும் பொருத்தமான இடத்தில்தான். தர்மபுரியில் அதே குடிலுக்கு மின்விசிறியும் ஈரத்திரையும் வைக்க வேண்டிவரும், அந்த மின்கட்டணத்தை ஸ்ட்ராபெர்ரி கட்டித் தராது.

ஒரே ஊரில் மேட்டுக்கொல்லை நல்லதா, பள்ளத்துக்கொல்லை நல்லதா?

உயரம் அதிகமானால் குளிர் என்ற கணக்கு ஒரே கொல்லைக்குள் தலைகீழாகும். காற்றில்லாத மார்கழி இரவில் குளிர்ந்த காற்று கனமாகித் தண்ணீர் மாதிரி சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். எங்கள் மேட்டு வரப்பிலும் ஓடையோரப் பள்ளத்திலும் ஒரே நேரத்தில் பார்த்தால் பள்ளம் 2 டிகிரி குளிராக இருக்கும். உயரக் கணக்கில் 300 மீட்டர் ஏறிய மாதிரி!

அதற்காகப் பள்ளத்தின் அடியில் நடாதீர்கள். பனி காலை ஒன்பது மணி வரை இலையில் நின்று சாம்பல் பூஞ்சணம் வரும். பள்ளத்துக்குச் சற்று மேலே, கிழக்கு பார்த்த சரிவு சரியான இடம். காலை வெயில் பனியைச் சீக்கிரம் உலர்த்தும், மதியத்துக்குப் பின் வரும் மேற்கு வெயில் நேராகச் சுடாது.

மலையில் விளைந்த பழம் இனிப்பு அதிகம் என்பது உண்மையா?

எங்கள் சொந்தப் பாத்தியிலேயே இதைப் பார்க்கலாம். பகலில் இலை சேர்த்த சர்க்கரையை இரவில் செடி மூச்சுவிட்டுச் செலவழிக்கிறது. இரவு சூடாக இருந்தால் செலவு அதிகம். குளிர்ந்தால் மிச்சம் பழத்துக்குப் போகும். கூடவே, குளிரில் பழம் மெதுவாகப் பழுக்கிறது. பூ விரிந்து பழம் சிவக்க ஜனவரியில் ஐந்து வாரம் ஆனால், மார்ச் கடைசியில் நான்கு வாரத்துக்குள் முடிந்துவிடும். அவசரமாகப் பழுத்த பழம் சிறியது, மெத்தென்றது, இனிப்புக் குறைந்தது. ஒரே செடியின் ஜனவரிப் பழத்தையும் மார்ச் பழத்தையும் சாப்பிட்டவர்கள் ரகம் வேறா என்று கேட்பார்கள்.

சரி, என் கொல்லைக்கு ஒத்துவருமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் காட்டும் வெப்பமானி ஒன்று வாங்குங்கள். நாற்றுச் செலவோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. நடப்போகும் இடத்திலேயே, தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில், நேர் வெயில் படாமல் காற்றோட்டமாகக் கட்டுங்கள். வீட்டுச் சுவரில் மாட்டினால் சுவர்ச் சூட்டைத்தான் காட்டும். அக்டோபர் முதல் மார்ச் வரை தினமும் காலையில் இரண்டு எண்களையும் காலண்டரில் எழுதுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை பெரும்பாலான இரவுகள் 18-க்குக் கீழே, பகல் 30-க்குள் என்று வந்தால் அடுத்த புரட்டாசிக்கு 200 நாற்று நடலாம். இரவு 20-க்கு மேலேயே நின்றால் மல்பெரி வையுங்கள். ஒரு பருவம் காத்திருக்க மனசு வராது, தெரியும். நாங்கள் காத்திருக்காததால்தான் அந்த 2000 நாற்றை மே மாதத்தில் நட்டோம்.